உண்ணியும் உயிர்நலமும்

நுழையும்முன்

புலியைக் கண்டால் மாந்தர் அஞ்சுவர். பாம்பைக் கண்டால் விலகுவர். கசகசா விதை அளவே உள்ள ஓர் உயிர் தம் காலில் ஏறுவதை அவர்கள் அறிவதில்லை. அறியாமலேயே நோய் வந்து சேர்கிறது. அதன் காரணம் புலப்படுவதற்குள் காலமும் கடந்துவிடுகிறது. உண்ணிகளால் பரவும் நோய்களை உலகம் எவ்வாறு கண்டறிந்தது, அக்கண்டுபிடிப்பில் எளிய மக்களின் பங்கு யாது, இன்று கொள்ளவேண்டிய விழிப்பு எத்தகையது என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அலிப்பூரில் ஒரு காட்சி

கொல்கத்தாவின் தென்பகுதியில் அமைந்த அலிப்பூர், மரங்கள் அடர்ந்த பழைமையான இடம். தேசிய நூலகம் அமைந்துள்ள பெல்வெதேர் வளாகமும், 1876ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விலங்கியல் பூங்காவும் இங்கே உள்ளன. குளிர்காலம் வந்துவிட்டால் பூங்காவில் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் மிகும். மான்களின் வேலிக்கருகே நின்று நோக்குவோர், மான் ஒன்று பின்னங்காலால் தன் காதைச் சொறிவதையும், உடலை மரத்தில் உரசுவதையும் காண்பர். பலருக்கு அது வேடிக்கை. உற்றுநோக்குவோருக்கோ அது ஒரு செய்தி. மானின் காதுமடலிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு குருதி குடிக்கும் சிற்றுயிர்கள் உண்டு என்பதே அச்செய்தி.

இப்பூங்காவின் முதல் இந்தியக் கண்காணிப்பாளராக விளங்கியவர் ராம்பிரம்ம சன்யால். விலங்குகளின் உணவு, நடத்தை, நோய், இறப்பு ஆகியவற்றைப் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கிக் குறித்துவந்தார். அவ்வனுபவத்தின் பயனாக, கூண்டில் வாழும் விலங்குகளைப் பேணும் முறை பற்றிய கையேடு ஒன்றை 1892ஆம் ஆண்டு வெளியிட்டார். விலங்கின் நலத்தை நாள்தோறும் நோக்குவது அறிவியலின் முதற்படி என்பதற்கு அவர் பணி சான்றாகும்.

அலிப்பூருக்கு அருகிலேயே மற்றோர் அரிய உண்மையும் வெளிப்பட்டது. அன்று பிரசிடென்சி பொது மருத்துவமனை என வழங்கிய இடத்தில், ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில், 1898ஆம் ஆண்டு ரொனால்டு ராஸ் பறவைகளையும் கொசுக்களையும் கொண்டு ஆய்வு நிகழ்த்தினார். மலேரியாக் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியாக அடுத்த உயிருக்குச் செல்வதை அவர் மெய்ப்பித்தார். அதற்காக 1902ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவருக்கும் ஐந்தாண்டுகள் முன்னதாகவே, 1893ஆம் ஆண்டு, அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவர் மாடுகளைக் கொல்லும் டெக்சாஸ் காய்ச்சலை உண்ணிகளே பரப்புகின்றன என்று காட்டியிருந்தனர். கொசுவைப் பற்றி உலகம் பின்னர் நிறையக் கற்றுக்கொண்டது. உண்ணியையோ நெடுங்காலம் மாட்டுக்கும் நாய்க்கும் உரிய தொல்லை என்றே எண்ணி வாளாவிருந்தது.

உண்ணி என்னும் உயிர்

உண்ணியைப் பூச்சி எனப் பொதுவாகக் கூறினும் அது பூச்சி அன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. பூச்சிக்கு ஆறு கால்கள். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். அதற்கு இறக்கை இல்லை; பறக்கவோ தாவவோ இயலாது. புல் நுனியிலும் புதரின் இலை விளிம்பிலும் பின்கால்களால் பற்றிக்கொண்டு, முன்கால்களை விரித்தபடி காத்திருக்கும். விலங்கு விடும் மூச்சுக்காற்றையும் உடல்வெப்பத்தையும் உணரும் உறுப்புகள் அதன் முன்கால்களில் உள்ளன. விலங்கோ மனிதரோ உரசிச் செல்லும்போது சட்டெனப் பற்றிக்கொள்ளும்.

முட்டை, லார்வா, இளம்பருவம், முதிர்பருவம் என அதன் வாழ்வு நான்கு நிலைகளை உடையது. லார்வாவுக்கு ஆறு கால்களே இருக்கும், இளம்பருவத்தில் எட்டாகும். வன்தோல் கொண்ட உண்ணிகளுள் பெரும்பாலானவை ஒவ்வொரு நிலையிலும் ஒரு முறை குருதி குடித்து, கீழே விழுந்து, தோலுரித்து அடுத்த நிலையை அடைகின்றன. ஒரு நிலையில் எலியிடமிருந்து பெற்ற கிருமியை அடுத்த நிலையில் மனிதருக்குக் கொடுக்க முடிவது இதனால்தான்.

உண்ணி கடிக்கும்போது வலி தெரிவதில்லை. அதன் உமிழ்நீர் கடித்த இடத்தை மரக்கச் செய்கிறது. குருதி உறைவதையும் தடுக்கிறது. நாட்கணக்கில் ஒட்டியிருந்து, உடல் பலமடங்கு பருத்தபின் தானே விழுந்துவிடும். கொசு கடித்தால் கை தானாகவே அடிக்கும். உண்ணி கடித்தால் கண்தான் தேடிக் காணவேண்டும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்வது இன்றியமையாதது.

லைம் நகரத்து அன்னையர்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம், ஓல்டு லைம் என்னும் சிற்றூர்கள் உள்ளன. காடும் வீடும் கலந்த அப்பகுதியில் மான்கள் மிகுதி. பாலி மரே என்னும் பெண்மணி அங்கே குடும்பத்துடன் வாழ்ந்தார். அவருக்கும் அவர் குடும்பத்தினருக்கும் காய்ச்சல், தோலில் தடிப்பு, மூட்டு வீக்கம் எனப் பல தொல்லைகள் மாறிமாறி வந்தன. மருத்துவர் பலரிடம் சென்றும் தெளிவான விடை கிட்டவில்லை. அவர் மனம் சோரவில்லை. யாருக்கு, எப்போது, என்ன நேர்ந்தது என்று குறித்துவைத்தார். அண்டை வீட்டாரிடமும் கேட்டறிந்தார். 1975ஆம் ஆண்டு அவரும், அப்பகுதியைச் சேர்ந்த மற்றோர் அன்னையும் மாநில நலத்துறைக்குத் தனித்தனியே செய்தி தெரிவித்தனர். இத்தனை சிறுவர்க்கு ஒரே ஊரில் மூட்டுவாதம் வருவது இயல்பன்று என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆலன் ஸ்டீர் ஆய்வை மேற்கொண்டார். அண்டை ஊர்கள் மூன்றில் 39 சிறுவரும் 12 பெரியவரும் நோயுற்றிருந்தனர். நோய் பெரும்பாலும் கோடையிலும் அதையடுத்த மாதங்களிலும் தொடங்கியது. மரங்கள் அடர்ந்த சாலைகளில் வாழ்ந்தோரிடமே மிகுந்து காணப்பட்டது. சிலர், மூட்டு வலிக்கு முன்னர்த் தோலில் விரிந்துசெல்லும் செந்நிற வளையம் ஒன்று தோன்றியதை நினைவுகூர்ந்தனர். அத்தகைய வளையத்தைச் சுவீடன் நாட்டு மருத்துவர் அஃப்செலியஸ் 1909ஆம் ஆண்டிலேயே உண்ணிக்கடியோடு தொடர்புபடுத்திக் கூறியிருந்தார். எனவே ஆய்வாளர் பார்வை உண்ணியின் பக்கம் திரும்பியது.

1981ஆம் ஆண்டு வில்லி பர்க்டார்ஃபர் என்னும் அறிஞர் வேறொரு காய்ச்சலின் காரணத்தைத் தேடி, நியூயார்க் பகுதியில் சேகரித்த மான் உண்ணிகளின் குடலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். தேடியது கிடைக்கவில்லை, சுருள்வடிவப் பாக்டீரியாக்கள் தென்பட்டன. லைம் நோயின் கிருமி அதுவே என்பது விரைவில் உறுதியாயிற்று. அவர் பெயராலேயே அது பொரேலியா பர்க்டார்ஃபெரி என வழங்குகிறது.

காலத்தே கண்டறிந்தால் எளிய எதிருயிரி மருந்துகளே லைம் நோயைத் தீர்க்கும். கவனியாது விட்டால் மூட்டு, நரம்பு, இதயம் ஆகியவற்றை அது தாக்கக்கூடும். மேலும், உண்ணி ஒட்டிய உடனே கிருமி பரவிவிடுவதில்லை. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் பரவும். ஆதலால் மாலைதோறும் உடலைப் பார்த்து உண்ணியை நீக்குவதே சிறந்த காப்பு. அந்நாட்டில் ஆண்டுதோறும் மே மாதத்தை லைம் நோய் விழிப்புணர்வு மாதமாகக் கொண்டு இச்செய்தியைப் பரப்புகின்றனர்.

கியாசனூர்க் காட்டின் மௌனம்

இந்தியாவில் லைம் நோய் அரிதாகவே பதிவாகியுள்ளது. எனினும் உண்ணி பரப்பும் கொடிய நோய் ஒன்று இந்திய மண்ணிலேயே முதன்முதலாக அறியப்பட்டது. 1957ஆம் ஆண்டு, கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் உள்ள கியாசனூர்க் காட்டில் குரங்குகள் அடுத்தடுத்து இறந்து கிடந்தன. காட்டோரச் சிற்றூர்களில் விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் சென்ற மக்கள் கடும் காய்ச்சலில் வீழ்ந்தனர். குரங்கின் இறப்பையும் தம் காய்ச்சலையும் இணைத்துக் கண்டனர் அம்மக்கள். மங்கன காயிலெ, அதாவது குரங்கு நோய், என்றே கன்னடத்தில் அதற்குப் பெயரிட்டனர்.

புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் விரைந்து வந்தனர். தொடக்கத்தில் அவர்களைப் பெரும் அச்சம் சூழ்ந்தது. குரங்கையும் மனிதரையும் ஒருங்கே கொல்லும் மஞ்சள் காய்ச்சல், ஆசியாவுக்குள் அதுவரை நுழையாதது, இப்போது நுழைந்துவிட்டதோ என்பதே அவ்வச்சம். மையத்தின் தலைவர் டெல்ஃபோர்டு வொர்க்கும் அவருடன் பணியாற்றிய இந்திய அறிஞரும் இறந்த குரங்குகளிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தனர். அது மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அன்று; ரஷ்யப் பகுதிகளில் உண்ணிகள் பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவான புதிய வைரஸ். கண்டறிந்த காட்டின் பெயரால் அது கியாசனூர்க் காட்டு நோய் எனப்பட்டது. ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டுண்ணி அதனைப் பரப்புவதில் முதலிடம் பெறுகிறது என்பதும் தெளிவாயிற்று. இவ்வாய்வில் ஈடுபட்ட பூச்சியியல் அறிஞர் பி.கே. ராஜகோபாலன், பிற்காலத்தில் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் தலைவராக விளங்கினார்.

இந்நோய் திடீரெனக் காய்ச்சலோடு தொடங்கும். தலைவலி, தசைவலி, வாந்தி ஆகியன தொடரும். சிலருக்குக் குருதிக்கசிவு ஏற்படும். காய்ச்சல் தணிந்து ஓரிரு வாரம் சென்றபின் மீண்டும் தாக்கி, மூளையையும் நரம்பையும் வருத்துவதும் உண்டு. வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை. உடல் நீர் குறையாமல் பேணும் மருத்துவக் கவனிப்பே உயிர் காக்கிறது. நோயுற்றோருள் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை உயிரிழப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. உண்ணியின் இளம்பருவம் மிகுந்து காணப்படும் டிசம்பர் முதல் மே வரையிலான வறண்ட மாதங்களே இதன் காலம். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இந்நோய் தொற்றுவதில்லை.

பல ஆண்டுகள் சிவமொக்காவையும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களையும் மட்டுமே சார்ந்திருந்த நோய், 2012ஆம் ஆண்டு பந்திப்பூர்க் காட்டில் தென்பட்டது. அடுத்து நீலகிரி, வயநாடு, கோவா, மகாராட்டிரம் ஆகிய பகுதிகளிலும் அறியப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் வாழும் மக்கள், தமிழ்நாட்டு எல்லையில் உள்ளோர் உட்பட, இதனை அறிந்திருக்க வேண்டியவராயினர்.

குற்றவாளி யார்?

மான் உண்ணி என்னும் பெயரைக் கேட்போர், மானே நோய்க்குக் காரணம் எனக் கருதுவர். குரங்கு நோய் என்னும் பெயரைக் கேட்போர் குரங்கை வெறுப்பர். இரண்டும் தவறு. முட்டையிலிருந்து வெளிவரும் மான் உண்ணியின் லார்வா, லைம் கிருமியைப் பெரும்பாலும் வெண்பாத எலியிடமிருந்தே பெறுகிறது. மான் அக்கிருமியைச் சுமப்பதில்லை. முதிர்ந்த உண்ணிகளுக்கு உணவளித்து அவற்றின் தொகையைப் பெருக்குகிறது. அவ்வாறே கியாசனூரில், மேயச் செல்லும் மாடுகள் முதிர்ந்த உண்ணிகளைப் பெருக்குகின்றன. எலி முதலிய சிறு விலங்குகளும் உண்ணிகளும் வைரஸை நிலைக்கச் செய்கின்றன. குரங்கோ நோயால் முதலில் மாய்ந்து, மனிதருக்கு எச்சரிக்கை தருகிறது. இறந்த குரங்கின் உடலை விட்டு உண்ணிகள் இறங்கிப் பரவுவதால், அவ்விடமே பேரிடர் தரும் இடமாகிறது.

காட்டை வெட்டித் திருத்தி, வெட்டிய இடத்தில் புதர்கள் மண்டி, அப்புதர்களில் மாடுகள் மேய்ந்து, மக்களும் நடமாடத் தொடங்கும்போது உண்ணிக்கு விருந்து வைத்தது போல ஆகிறது. காட்டின் விளிம்பு குலைந்தால் அதன் நோய் ஊருக்குள் வரும் என்பதே லைமும் கியாசனூரும் ஒருங்கே உணர்த்தும் பாடம்.

வங்கத்திலும் தமிழகத்திலும்

காட்டுக்குச் செல்லாத நகரவாசிக்கு இச்செய்தி எதற்கு என வினவலாம். உண்ணியின் நெருங்கிய உறவான சிற்றுண்ணி பரப்பும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் அதற்கு விடை கூறும். தமிழ் நாளிதழ்கள் இதனையே உண்ணிக்காய்ச்சல் என எழுதுகின்றன. இரண்டாம் உலகப்போரில் அசாம், பர்மா எல்லைகளில் போரிட்ட வீரர் பலரை இக்காய்ச்சல் வீழ்த்தியது. இன்று அது டார்ஜிலிங் மலையிலும், வங்கச் சமவெளியிலும், தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் காணப்படுகிறது. கொல்கத்தாவின் மருத்துவமனைகளிலும் குழந்தைகள் இந்நோயோடு சேர்க்கப்படுகின்றனர். மழைக்காலத்திலும் அதற்குப் பின்னரும் இது மிகுகிறது. கவனிப்பாரற்ற காலிமனை, வரப்போரப் புல், எலி நடமாடும் புதர் ஆகியவை சிற்றுண்ணி வாழும் இடங்கள்.

சிற்றுண்ணியின் லார்வா மட்டுமே மனிதரைக் கடிக்கிறது. அது வெறுங்கண்ணுக்குத் தெரிவதே அரிது. கடித்த இடத்தில் சிலருக்குத் தீச்சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு தோன்றும். வலி இல்லாததாலும், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் இருப்பதாலும் நோயாளியே அதனை அறியார். அந்தப் பொருக்கை ஒரு தாயோ மருத்துவரோ கண்டுவிட்டால், டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற எளிய மருந்துகளால் நோய் விரைவில் தணியும். காணாமல் விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிப்புறும். கடுமையான நிலையில் இவ்விரு மருந்துகளையும் சேர்த்து அளிப்பதே மிகுந்த பயன் தருகிறது என்பதை, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று பல மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டு நிறுவியது.

விழிப்பே மருந்து

உண்ணி நோய்களுள் பெரும்பாலானவற்றுக்கு இங்கே தடுப்பூசி இல்லை. ஆகவே அறிவே அரணாகிறது. புதர்ப்பகுதிக்குச் செல்வோர் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிதல் வேண்டும். காற்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகுதல் நன்று. வெளிர்நிற உடையில் உண்ணி எளிதில் தெரியும். சருகுகள் மேல் அமர்வதையும் படுப்பதையும் தவிர்க்க வேண்டும். கர்நாடக நலத்துறை, காட்டோர மக்களுக்குத் தீபா எனப்படும் பூச்சிவிரட்டி எண்ணெயை வழங்கிவருகிறது. வீடு திரும்பியதும் குளித்து, உடைகளை வெந்நீரில் துவைத்து, காதின் பின்புறம், அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வீட்டு நாய்க்கும் மாட்டுக்கும் இதே சோதனை தேவை.

உண்ணி ஒட்டியிருப்பின் பதற்றம் வேண்டா. நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் அதன் தலைப்பகுதியைப் பற்றி, திருகாமல், நேராக மெல்ல இழுக்க வேண்டும். பின்னர் அவ்விடத்தையும் கைகளையும் சோப்பால் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, விரலால் நசுக்குவது ஆகியவை தீங்கானவை. அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோ தடிப்போ தோன்றினால் மருத்துவரிடம் செல்லவேண்டும். எங்கே சென்றோம், எந்நாளில் உண்ணியைக் கண்டோம் என்பதையும் அவரிடம் தவறாது கூறுதல் வேண்டும். அந்த ஒரு சொல்லே நோயை அடையாளம் காட்டும் விளக்காகலாம். இறந்த குரங்கைக் கண்டால் தொடாமல், வனத்துறைக்கோ நலத்துறைக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

லைம் நகரத்து அன்னையரிடம் நுண்ணோக்கி இல்லை. கியாசனூர் மக்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை. இவர்களிடம் இருந்தவை கூர்ந்த பார்வையும், கண்டதைச் சொல்லும் துணிவும் ஆகும். அறிஞர்கள் விடை காண்பதற்கு முன், யாரோ ஒருவர் வினாவை எழுப்ப வேண்டியிருக்கிறது. அலிப்பூர்ப் பூங்காவில் காதைச் சொறியும் மானைக் கண்டு, அது ஏன் என்று கேட்கும் சிறுவனும் அவ்வரிசையில் வருபவனே.

தெரிந்து தெளிவோம்

உண் என்னும் வினையடியோடு இ என்னும் விகுதி சேர்ந்து உண்ணி என்னும் பெயர் பிறக்கிறது. உண்பது எது, எதனைச் சார்ந்து உண்கிறது என்பதைக் காட்டும் சொற்கள் பல இம்முறையில் அமைந்துள்ளன. ஒட்டி வாழ்ந்து உண்பது ஒட்டுண்ணி. ஊனை உண்பது ஊனுண்ணி. தாவரத்தை உண்பது தாவர உண்ணி. அனைத்தையும் உண்பது அனைத்துண்ணி.

சொல்லும் பொருளும்

வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல்
மரக்கச் செய்தல் – உணர்ச்சியற்றுப் போகச் செய்தல்
பொருக்கு – புண்ணின் மேல் காய்ந்த தோல்
மாய்தல் – இறத்தல்
அரண் – பாதுகாப்பு
இன்றியமையாதது – தவிர்க்க முடியாதது

இலக்கணக் குறிப்பு

செந்நிறம், சிற்றூர் – பண்புத்தொகைகள்
கடித்த இடம், இறந்த குரங்கு – பெயரெச்சங்கள்
காணாமல், தொடாமல் – எதிர்மறை வினையெச்சங்கள்
கண்டனர் அம்மக்கள் – வினைமுற்றுத்தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

கண்டனர் – காண் (கண்) + ட் + அன் + அர்
காண் – பகுதி. கண் எனக் குறுகியது விகாரம். ட் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

இறந்த – இற + த் (ந்) + த் + அ
இற – பகுதி. த் – சந்தி. ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – பெயரெச்ச விகுதி.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. வளர்ந்த உண்ணியின் கால்களின் எண்ணிக்கை
அ) நான்கு ஆ) ஆறு இ) எட்டு ஈ) பத்து

2. கியாசனூர்க் காட்டு நோய் கண்டறியப்பட்ட ஆண்டு
அ) 1876 ஆ) 1898 இ) 1957 ஈ) 1975

3. லைம் நோயின் கிருமி
அ) வைரஸ் ஆ) பாக்டீரியா இ) பூஞ்சை ஈ) புழு

4. ஒட்டுண்ணி என்பதனைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) ஒட்டு + உண்ணி ஆ) ஒட்டி + உண்ணி இ) ஒட் + உண்ணி ஈ) ஒட்டு + ண்ணி

ஆ. குறுவினா

1. உண்ணி கடித்தும் பலர் அதனை உணராமைக்குக் காரணம் யாது?
2. கியாசனூரில் ஆய்வாளர் தொடக்கத்தில் அஞ்சியது ஏன்?
3. ராம்பிரம்ம சன்யாலின் பணி எத்தகையது?

இ. சிறுவினா

1. மானும் குரங்கும் குற்றவாளிகள் அல்ல என்பதைக் காரணம் காட்டி விளக்குக.
2. தோலில் ஒட்டிய உண்ணியை நீக்கும் முறையையும் தவிர்க்க வேண்டியவற்றையும் எழுதுக.

ஈ. நெடுவினா

லைம் நகரத்து அன்னையரும் கியாசனூர்ச் சிற்றூர் மக்களும் நோயறியும் பணிக்கு எவ்வாறு துணைநின்றனர் என்பதை ஒப்பிட்டுக் கட்டுரை வடிவில் எழுதுக.

மொழிப்பயிற்சி

1. கீழ்க்காணும் தொடரைச் செயப்பாட்டு வினைத்தொடராக மாற்றுக.
பர்க்டார்ஃபர் உண்ணிகளை ஆராய்ந்தார்.

2. உரையாடலை நிறைவு செய்க.

பேத்தி: தாத்தா, உங்கள் முழங்காலின் பின்புறம் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறதே!
தாத்தா: மருவாக இருக்கும், அம்மா. நேற்றுத் தோட்டத்தில் புல் வெட்டினேன். அதன் பிறகுதான் அரிப்பு.
பேத்தி: மருவுக்குக் கால்கள் இருக்குமா, தாத்தா? இது உண்ணி.
தாத்தா: அப்படியா! மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்து வா. இரண்டு சொட்டு விட்டால் விழுந்துவிடும்.
பேத்தி: ..................................................
தாத்தா: சரி, நீ சொல்கிறபடியே செய்வோம். இனி நான் என்னென்ன கவனிக்க வேண்டும்?
பேத்தி: ..................................................

கற்பவை கற்றபின்

1. பள்ளியைச் சுற்றியுள்ள புதர், காலிமனை, தேங்கிய குப்பை ஆகியவற்றைத் தொலைவிலிருந்து நோக்கி, உண்ணியும் சிற்றுண்ணியும் வாழத்தக்க இடங்களைக் காட்டும் வரைபடம் ஒன்றைக் குழுவாக அமைத்திடுக.

2. உண்ணி விழிப்புணர்வுக்குரிய முழக்கத்தொடர்கள் ஐந்தினைத் தமிழில் எழுதி, அவற்றின் பொருளை வங்காள மொழி பேசும் நண்பர்களுக்கும் எடுத்துரைத்திடுக.